கதவைக் கடக்கும் கோடு

“இந்தக் கோடு எங்கே ஆரம்பிக்குதுங்க?” என்று கேட்டார் வேதமூர்த்தி.

அவர் கையில் ஒரு படம் இருந்தது. கல்லூரியில் படிக்கும்போது பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்தது. மடித்த இடங்களில் நிறம் போயிருந்தது.

படத்தில் ஒரு சிவப்பு கார் பக்கவாட்டில் நின்றது. அறுபதுகளில், இத்தாலியின் டுரின் நகரத்தில், ஒரு சின்னப் பட்டறையில் கையாலேயே தட்டிச் செய்த கார். இரண்டு பேர் உட்காரலாம். முன்விளக்குப் பக்கத்திலிருந்து பின்விளக்கு வரை அதன் உடம்பில் ஒரே ஒரு கோடு ஓடியது. வேறு அலங்காரம் எதுவும் இல்லை.

கோகிலவாணி படத்தை வாங்கிப் பார்த்தார்.

“இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“ஆமாங்க. பென்சிலை முதல்ல எங்க வெச்சிருப்பாங்கன்னு தெரிஞ்சா போதும்.”

வேதமூர்த்தி கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஃபெராரி, லான்சியா, ஆல்ஃபா ரோமியோ என்று யாராவது பேச்செடுத்தால் போதும், எந்த காரை எந்த ஊரில் யார் வரைந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார். ஒன்றையும் தொட்டுப் பார்த்ததில்லை.

படத்தில் இருந்த அதே மாதிரி கார் ஒன்று சிறுவாணி சாலையில் ஒரு பட்டறைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டார். மறுநாளே வந்துவிட்டார்.

பட்டறை கோகிலவாணியுடையது. அவர் வேதமூர்த்தியைவிடப் பத்து வயதாவது இளையவர். டுரினில் பல வருடம் அலுமினியத் தகடு தட்டிவிட்டு ஊர் திரும்பியவர்.

“எனக்கும் தெரியாதுங்கண்ணா,” என்றார் கோகிலவாணி. “அங்கே என் மேஸ்திரிகிட்ட இதையேதான் கேட்டேன். காபி வாங்கிட்டு வரச் சொன்னார்.”

“வாங்கிட்டு வந்து?”

“குடிச்சோம்.”

வேதமூர்த்தி சிரிக்கவில்லை. கோகிலவாணியும் சிரிக்கவில்லை.

“கார் உள்ளே நிக்குது. போய்ப் பாருங்க.”

கார் பெயிண்ட் முழுவதும் உரிக்கப்பட்டு வெறும் அலுமினியமாக நின்றது. இடது பக்கக் கதவு இருந்த இடத்தில் ஓட்டை. குன்னூரில் மழையில் ஒரு மரம் சாய்ந்து அந்தக் கதவு நசுங்கிவிட்டது.

“வேற கதவு கிடைக்காதுங்களா?”

“தட்டித்தான் செய்யணும். சரியா அமையலைன்னா வித்துடறதா சொல்றாரு, காரோட சொந்தக்காரர். வாங்கற ஆள் தயாரா இருக்கான். அவன் கழட்டி, பாகம் பாகமா விப்பான்.”

வேதமூர்த்தி முதல் முறையாக அந்த காரின் மேல் கை வைத்தார். குளிர்ச்சியாக இருந்தது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

“நான் செய்யட்டுங்களா?”

“தகடு தட்டியிருக்கீங்களா?”

“இல்லீங்க. கோடு போட்டிருக்கேன். ஆயுசு பூரா.”

கோகிலவாணி ஒரு மரச்சுத்தியலை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

வேதமூர்த்தி வேலையை விட்டார். “இந்த வயசுல தகரம் தட்டப் போறீங்களா?” என்று கேட்டார் அவர் மனைவி. “அலுமினியம்,” என்றார் வேதமூர்த்தி. அதன்பிறகு வீட்டில் சில நாட்கள் பேச்சில்லை.

மழைக்காலம் முழுவதும் மணல் மூட்டையின் மேல் தகடு வைத்துத் தட்டினார். முதலில் எல்லாமே பள்ளமும் மேடுமாக வந்தன. பிறகு கிண்ணங்கள் வந்தன. வெயில் திரும்பியபோது அவர் தட்டிய வளைவுகளில் கை தடங்கலில்லாமல் ஓடியது.

ஒரு நாள் கோகிலவாணி புதுத் தகட்டைக் கொண்டுவந்தார்.

“இத்தாலியிலிருந்து வந்தது. இது ஒண்ணுதான் இருக்கு.”

கதவின் வடிவம் நன்றாகவே வந்தது. காரில் மாட்டி, காலை வெயிலில் முற்றத்தில் நிறுத்தினார்கள். கோகிலவாணி கார் முழுவதையும் எண்ணெய்த் துணியால் மினுங்கத் துடைத்தார். முன்பக்கத்தில் கோடு தெரிந்தது. பின்பக்கத்திலும் தெரிந்தது. கதவில் மட்டும் அது எங்கோ கலங்கிப் போயிருந்தது.

வேதமூர்த்திக்கு ஒரு யோசனை வந்தது. முன்பக்கக் கோட்டையும் பின்பக்கக் கோட்டையும் சேர்த்துக் கதவின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். பிறகு கதவைக் கழற்றி, அந்தக் கோட்டின் மேலேயே தட்டித் தட்டி ஒரு விளிம்பு எடுத்தார்.

மறுநாள் காலை மாட்டிப் பார்த்தார்கள். முன்விளக்குப் பக்கத்திலிருந்து பின்விளக்கு வரை ஒரே கோடு. படத்தில் இருந்ததேதான்.

“சரியா இருக்குங்களா?”

“காலைல சரியாத்தான் இருக்கு,” என்றார் கோகிலவாணி.

அவர் உள்ளே போய்விட்டார்.

வேதமூர்த்தி அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருடம் படத்தில் இருந்தது இப்போது முற்றத்தில் நிற்கிறது.

வெயில் ஏறியது.

முன்பக்கக் கோடு மெல்ல மேலே போவதுபோல் இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். பின்பக்கக் கோடும் மேலே போயிருந்தது. கதவுக் கோடு மட்டும் போட்ட இடத்திலேயே நின்றது.

உச்சி வெயிலில் அந்த கார் மூன்று துண்டுகளை ஒட்டவைத்த மாதிரி இருந்தது.

அவர் எழுந்து உள்ளே ஓடினார்.

“கோடு நகருதுங்க.”

கோகிலவாணி வேறொரு தகட்டை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு உருட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“உங்க படத்தை எத்தனை மணிக்கு எடுத்தாங்க?”

வேதமூர்த்தி சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தார். படத்தில் காரின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. பிறகு வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் வரை காரைச் சுற்றி வந்தார். எட்டி நின்றால் கோடு ஓரிடத்தில் இருந்தது. கிட்டே வந்தால் வேறிடத்தில் இருந்தது. அவர் குந்தி உட்கார்ந்தால் அதுவும் கீழே இறங்கிற்று. எழுந்தால் எழுந்தது. ஒருமுறை அதன் மேல் விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை; அங்கே இருந்தது வெயில் மட்டும்தான். கதவுக்கு வந்ததும் விரல் இடித்தது.

மறுநாள் கோகிலவாணி பட்டறையைத் திறந்தபோது வேதமூர்த்தி வாசலில் நின்றிருந்தார்.

“தகட்டைக் கெடுத்துட்டேங்க.”

“ஆமாங்க.”

“தடுத்திருக்கலாமே?”

“தடுத்திருந்தா, நான்தான் கோட்டை அழிச்சேன்னு கடைசி வரைக்கும் நினைச்சிருப்பீங்க.”

வேதமூர்த்தி காரைத் திரும்பிப் பார்த்தார்.

“கார் போயிடுங்களா?”

“சொந்தக்காரர் மாசக் கடைசியில வர்றாரு. அலுமினியத்தைச் சுட்டா இளகும். அப்புறம் உங்க பாடு.”

வேதமூர்த்தி அந்த விளிம்பின் மேல் சோப்பைத் தேய்த்தார். பின்பக்கத்திலிருந்து மெல்லத் தீயைக் காட்டினார். சோப்பு கறுத்ததும், சூடு போதுமென்று தீயை எடுத்தார். ஆறவிட்டுத் தட்டினார். மறுபடி சுட்டார். மறுபடி தட்டினார். விளிம்பு அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. அவர் அதை அத்தனை ஆசையாக எடுத்திருந்தார்.

விளிம்பு போனபிறகு தகட்டை உருளைகளுக்கு நடுவே கொடுத்து உருட்டினார். இப்போது சாக்பீஸ் எடுக்கவில்லை. படத்தைப் பார்க்கவில்லை. உருட்டுவார், வெளியே கொண்டுபோய்ப் பிடித்துப் பார்ப்பார், தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே வருவார். கோகிலவாணி எப்போதாவது வந்து ஓரிடத்தில் கட்டைவிரலை வைப்பார். “இங்கே.” அவ்வளவுதான்.

மாசக் கடைசியில் கதவு மாட்டப்பட்டது. காரை வெளியே தள்ளினார்கள்.

அன்றைக்குப் பார்த்து மேகம் மூடியிருந்தது. மலைப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம். கார் மங்கலாக, ஒரே வெளுப்பாக நின்றது.

வேதமூர்த்தி முன்னால் போய்ப் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார்.

“கோடே இல்லீங்களே.”

கோகிலவாணி தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“முன்னாடி, கதவுல, பின்னாடி, மூணுலயும் இல்லையா?”

“எங்கேயும் இல்லீங்க.”

“அப்ப சரி.”

“இதை வெச்சு எப்படிங்க தெரிஞ்சுக்கறது, சரியா வந்திருக்கா இல்லையான்னு?”

கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் முதுகுக்குப் பின்னால், சாலையில், ஒரு டவுன் பஸ் வந்தது.

பஸ்ஸின் மஞ்சள் நிறம் முதலில் முன்விளக்கின் ஓரத்தில் ஒரு சொட்டாக விழுந்தது. அது நீண்டது. வளைவில் ஏறி, மெலிந்து, ஒற்றை நூலாகிக் கதவுக்குள் வந்தது. குதிக்கவில்லை, தயங்கவில்லை. பின்சக்கரத்தின் மேல் ஒருமுறை புரண்டு, பின்விளக்கின் ஓரமாக நழுவிக் காணாமல் போனது.

கதவு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று வேதமூர்த்திக்குத் தெரியவில்லை.

பஸ்ஸின் சத்தம் தேய்ந்தது. கார் மறுபடியும் வெளுப்பாக நின்றது.

“கார் சரியாயிடுச்சுன்னு குன்னூர் சொந்தக்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லிடட்டுங்களாண்ணா?” என்று கேட்டார் கோகிலவாணி.

வேதமூர்த்தி காரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அடுத்த பஸ் எப்பங்க?”