வெள்ளைக் குன்றிமணி

மூங்கில் காட்டின் நடுவே ஒரு மடு இருந்தது. அதன் கரையில் ஒரு கீரியும் அணிலும் நீர்நாயும் வசித்தன. அழகான பொருள்களைத் தேடிச் சேர்ப்பதில் மூன்றுக்கும் கொள்ளை ஆசை.

அணிலிடம் மீன்கொத்தியின் நீல இறகு ஒன்று இருந்தது. கீரிக்கு அதன்மேல் கண்.

“அந்த இறகைக் கொடு. பதிலுக்கு எங்கிட்ட எது வேணும்னாலும் எடுத்துக்கோ” என்றது கீரி.

“உங்ககிட்ட இருக்கிறது எல்லாம் விதையும் மணியும்தானே அண்ணே. எனக்குப் பிடிச்சது நீர்நாய் மாமாவோட பளபளப்புச் சிப்பி” என்றது அணில்.

நீர்நாயைப் போய்க் கேட்டன. அது ஆசைப்பட்டதோ கீரியின் வெள்ளைக் குன்றிமணிக்கு. சிவப்புக் குன்றிமணி காடெங்கும் கிடைக்கும். வெள்ளை அது ஒன்றுதான்.

அணில் கொஞ்சம் யோசித்தது. “ரெண்டு பேரா மாத்திக்க முடியாது. மூணு பேரா மாத்திக்கலாமே? நான் கீரி அண்ணனுக்கு இறகு தர்றேன். அண்ணன் மாமாவுக்கு மணி தரட்டும். மாமா எனக்குச் சிப்பி தரட்டும்.”

மூன்றும் ஒப்புக்கொண்டன. அணில் அப்போதே இறகைக் கொண்டுவந்து கொடுத்தது.

கீரி வளைக்குத் திரும்பியது. வெள்ளை மணியை வெயிலில் உருட்டி உருட்டிப் பார்த்தது. கொடுக்க மனம் வரவில்லை. ‘இறகுதான் கைக்கு வந்துவிட்டதே. இனி அது அவர்கள் பாடு’ என்று நினைத்தது. ஒரு பிடி சிவப்பு மணியை அள்ளிக்கொண்டு நீர்நாயிடம் போனது.

“வெள்ளை மணி எங்கேயோ தொலைஞ்சுபோச்சு மாமா. இதை வச்சுக்குங்க.”

நீர்நாய் சிவப்பு மணிகளை வாங்கிக்கொண்டது. “சரி” என்றது.

சண்டை வரும் என்று கீரி காத்திருந்தது. வரவில்லை. சில நாள் கழித்து அணிலின் மரத்தடிக்குப் போனது. அங்கே சிப்பி மின்னியது.

“மாமா அன்னைக்கே கொடுத்துட்டார்” என்றது அணில். “மணி கிடைச்சதான்னு கேட்டேன். கிடைச்சதுன்னார். உங்களை நம்பித்தான் அண்ணே இந்த மாற்றுக்கே இறங்கினேன்.”

கீரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏதோ முணுமுணுத்துவிட்டு நடந்தது. வளைக்குள் நீல இறகைப் பார்க்கவே கூசியது. வெள்ளை மணியை எடுத்துக்கொண்டு மடுவுக்கு ஓடியது.

“தொலையலை மாமா. நான்தான் ஒளிச்சு வச்சேன்.”

“தெரியும். நீ வெயில்ல உருட்டிக்கிட்டு இருந்ததைத் தண்ணியிலேருந்து பார்த்தேன்.”

“அப்புறம் ஏன் சிப்பியைக் கொடுத்தீங்க?”

“அணில் சொன்னபடி செஞ்சுதே. உன் மேல உள்ள கோபத்தை அதுகிட்டயா காட்டுறது?”

கீரி மணியை நீர்நாயின் காலடியில் வைத்தது. தலை நிமிராமலே, “அணில்கிட்டயும் நானே போய்ச் சொல்லிடுறேன்” என்றது. போய் நடந்ததை எல்லாம் சொன்னது.

அணில் கோபிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கரையில் எத்தனையோ மாற்றுகள் நடந்தன. ஒவ்வொன்றிலும் யாரும் கேட்காமலே கீரிதான் முதலில் கொடுத்தது, கடைசியில் வாங்கிக்கொண்டது.

நாம் செய்த ஏமாற்றை இன்னொருவர் தாங்கிக்கொண்டதால் அது சரியாகிவிடாது. தருவதாகச் சொன்ன பொருளை உரியவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.