வருஷத்து அரிசி

உப்பளத்தை ஒட்டிய அந்தச் சின்ன மடத்தில் சேர்ந்தபோது அருமைநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மனைவி போய்ச் சேர்ந்துவிட, பிள்ளைகள் வெளிநாடு போய்விட, பெரிய வீட்டில் சுவரோடு பேசி அலுத்துப்போன பொறியாளர். மடத்துத் தலைவி நீலாயதாட்சி அவரைவிடப் பத்து வயது இளையவர். அதனாலென்ன, ஊரோடு சேர்ந்து அவரும் அம்மா என்றே கூப்பிட்டார்.

ஊர்க்காரர்கள் டீசல் இன்ஜின் வைத்து உப்புப் பாத்திக்கு நீர் இறைப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிற ஊர் அது. சொந்தச் செலவில் ஒரு சோலார் மோட்டார் வாங்கி ஓட்டிக் காட்டினார். மூன்று வருஷ டீசல் காசை இப்போதே கொடுத்து ஒன்று வாங்கிவிட்டால், அப்புறம் இருபது வருஷம் தண்ணீர் சும்மா என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாள் வழக்கம்போல, கேனில் டீசல் கொண்டுவந்து விற்பவனின் வண்டியைச் சுற்றி நின்றார்கள். எட்டு மாதமாக அவரிடம் பேச ஒருவரும் வரவில்லை. தனிமைக்குப் பயந்து ஓடி வந்தவருக்கு இங்கேயும் அதுதான் துணை.

ஒரு காலையில் பையைக் கட்டிவைத்துவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"நாளைக்குக் கெளம்புறேம்மா."

"ஏன்?"

"சும்மா கெடைக்கிற வெயில விட்டுட்டுக் காசு குடுத்து டீசல் வாங்குறாங்க. ஏன்னு மட்டும் சொல்லுங்க, போயிடுறேன்."

தினம் ஏழு வீட்டில், வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கி வருவது மடத்து வழக்கம். அன்று அவர் முறை. அம்மா பாத்திரத்துக்குப் பதில் நாலைந்து சாக்குகளை நீட்டினார்.

"தெனம் எதுக்கு அலையணும்? ஒரு வருஷத்து அரிசிய இன்னைக்கே வாங்கிட்டு வந்துடுங்க."

ஆறு வீட்டில் சிரித்தார்கள். ஏழாவது வீட்டில் உப்பு வாருகிற பவளக்கொடி சிரிக்கவில்லை.

"ஒரு பிடின்னா இந்தாங்க. வருஷத்துக்குன்னா நான் எங்கய்யா போவேன்? அப்படியே குடுத்தாலும், மொத்தமா வாங்கிட்டுப் போறவரு நாளைக்கு இங்க இருப்பீங்கன்னு என்ன நிச்சயம்?"

அருமைநாதன் அந்த ஒரு பிடியையும் வாங்காமல் வெறும் சாக்குகளோடு திரும்பினார். மனசு விட்டுப்போயிருந்தது.

"ஒரு மணி அரிசிகூடக் கெடைக்கலம்மா. நாளைக்கு இங்க இருப்பீங்களான்னு பவளக்கொடி கேக்குறா. வருஷம் பூரா அவங்க குடுக்கிற அதே அரிசிதானே?"

"அதச் சொன்னீங்களா?"

"கணக்குப் போட்டே சொன்னேன்."

சொன்ன பிறகுதான் தன் குரலே அவர் காதில் விழுந்தது. சாக்குகளை மடிக்க ஆரம்பித்தார்.

"டீசல்காரன் வருஷத்துக் காச மொத்தமா கேக்குறானா?" என்றார் அம்மா.

"இல்ல. அன்னன்னைக்கு ஒரு கேன். உப்பு வித்த பிறகு வாங்கிக்குவான்."

"இன்ஜின் நின்னுபோச்சுன்னா?"

"அவனே வந்து பாப்பான்."

அம்மா சாக்குகளை வாங்கி ஓரமாக வைத்தார்.

"நாளைக்கு இங்க இருப்பீங்களான்னு பவளக்கொடி கேட்டாளே. அவளுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

அருமைநாதன் திரும்பி, காலையில் கட்டிவைத்த பையைப் பார்த்தார்.