மதில் தாண்டாத சேவல்

விடிகாலைத் தூக்கம் கெட்டதும் பஞ்சாயத்துத் தலைவர் கனகசபாபதிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பக்கத்துக் குடிசைச் சடைச்சியைக் கூப்பிட்டார்.

"இனி உன் சேவல் சத்தம் என் மதிலைத் தாண்டக்கூடாது. தாண்டினா, ஞாயித்துக்கிழமை அது என் வீட்டுக் குழம்புல கிடக்கும்!"

சடைச்சிக்கு இருந்தது அந்த ஒரு சேவல். அதற்காகப் பெரிய வீட்டைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

"சரிங்கய்யா," என்றாள் பணிவாக. "பஞ்சாரக் கூடையில போட்டுக் கவுத்து, மேல சாக்கைப் போட்டு மூடிடறேன். சத்தமும் வராது, சேவலும் வராது. உங்க வீட்டுக் கோழிங்க பக்கமே இனி அண்டாது."

அடைவைக்க முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த தலைவரின் மனைவி பதறி ஓடிவந்தாள்.

"உங்களுக்குப் புத்தி இருக்கா? நம்ம வீட்ல ஏது சேவல்? அது வராட்டி இனி இடற முட்டை அத்தனையும் கூமுட்டைதான்!"

மறுநாள் விடியலில் சேவல் மதில்மேல் ஏறித் தொண்டை கிழியக் கூவியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த தலைவர், அதற்கு ஒரு பிடி கம்பு போட்டுவிட்டுப் போனார்.