ஏசி தேவைப்படாத கட்டடம்

பழைய மகாபலிபுரம் சாலையில் குழந்தைவேலு முதலாளிக்கு வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள். கரன்ட்டைக் குடிக்கும் கட்டடங்களுக்கு இனி மதிப்பு இறங்கிவிடும் என்று பயந்த வங்கி, அவருக்குக் கடன் கொடுக்குமுன் கரன்ட் செலவையும் அதனால் வரும் கார்பன் புகையையும் கணக்கெடுக்க அரசியை அனுப்பியது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்.

அதில் ஒரு கட்டடத்தில் கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்திருந்த முதலாளி, "இங்கே ஏசியே தேவைப்படாதும்மா. நான் சொல்றதை அப்படியே எழுது. இல்லேன்னா உன் வேலை இருக்காது" என்றார்.

"ஒரு எழுத்து மாறாம எழுதறேன் சார். முடிக்கிறவரைக்கும் ஏசியை நிறுத்தச் சொல்லுங்க. தேவைப்படாததுதானே?"

முதலாளி வாசலில் நின்ற ஆட்களிடம் கையைக் காட்டினார். ஏசி நின்றது. சித்திரை வெயில் கண்ணாடி வழியே தாராளமாக உள்ளே வந்தது. அரசி நிதானமாகப் பேனாவைத் திறந்து, தேதியை எழுதினாள். முதலாளி டையைத் தளர்த்தினார், பிறகு கோட்டைக் கழற்றினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இன்னுமா எழுதறே?"

"கட்டடத்தோட பேர் வரைக்கும் வந்துட்டேன் சார்."

"டேய், வெந்து சாகறேன், யாராவது ஏசியைப் போட்டுத் தொலைங்கடா!"

அரசி குனிந்து அதை ஒரு எழுத்து மாறாமல் எழுதிக்கொண்டு, பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க சார்."