வாயப் பொத்திச் சிரிச்ச ஊரு

ஒரு ஊர்ல ஒரு அடிபம்பு இருந்துச்சாம் கண்ணு. அடிச்சா கிரீ...ச் டொக்கு, கிரீ...ச் டொக்குன்னு சத்தம் போட்டுக்கிட்டு, குளுகுளுன்னு கண்ணாடி மாதிரி தண்ணி ஊத்துமாம். ஊரு பேரு பூனைப்பாறைக்கொட்டாய். சுத்திலும் பாறை. மழை பேஞ்சா பேஞ்சது, இல்லன்னா இல்ல. ஊர்த் தலைவர் மாதையனோட அப்பா அந்தக் காலத்துல எங்கெங்கயோ மனு குடுத்து, நடையா நடந்து, பாறையக் கொடைஞ்சு கொண்டாந்த பம்பு அது. ஆயுத பூசை வந்தா தலைவர் தன் வண்டிக்குப் பொட்டு வைக்க மறந்தாலும் மறப்பாரு, பம்புக்கு மாலை போட மறக்க மாட்டாரு. ம் சொல்லு... ம்.

அப்புறம், அந்த ஊருக்கு ஒரு பழக்கம். யாரு சிரிச்சாலும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பாங்க. ஆம்பளைங்கன்னா துண்டு, பொம்பளைங்கன்னா முந்தானை, பசங்கன்னா உள்ளங்கை. வெளியூர்க்காரங்க பாத்துட்டு, "அடேங்கப்பா, என்ன மரியாதை தெரிஞ்ச ஊரு!"ன்னு மெச்சிக்கிட்டுப் போவாங்களாம். மரியாதையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அத்தனை பேரு பல்லும் பழுப்பு! கோடு கோடா, திட்டுத் திட்டா. வெக்கத்துல பொத்திக்கிறது. கல்யாணத்துல போட்டோக்காரன் "சிரிங்க, சிரிங்க"ன்னு தொண்டை வத்தக் கத்துவான். பொண்ணும் மாப்பிள்ளையும் வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி உதட்டை இறுக்கிக்கிட்டு நிப்பாங்க.

அந்த ஊர்ல மாதேஸ்வரின்னு ஒரு பொண்ணு. ஒம்போது வயசு. பால்பல்லு விழுந்து புதுப்பல்லு மொளைச்சா, அதுவும் பழுப்பு. அவ அம்மா சின்னத்தாயி, "ஒழுங்காப் பல்லு தேச்சாத்தானே!"ன்னு தலையில ஒரு குட்டு வைப்பா. பாவம், அவ தேய்க்காமயா இருந்தா? மொதல்ல அடுப்புக்கரி எடுத்துத் தேச்சா, கரக் கரக். மூஞ்சிதான் கறுப்பாச்சு. அப்புறம் செங்கப்பொடி எடுத்துத் தேச்சா, சரக் சரக். ஈறுல ரத்தம் வந்துச்சு. அப்புறம் வேப்பங்குச்சிய மென்னு மென்னு நாளெல்லாம் தேச்சா, நறுக் நறுக். நாக்கு கசந்ததுதான் மிச்சம். பழுப்பு அசையணுமே!

அப்போ அவளுக்கு ஒரு தம்பி பொறந்தான். முனிராஜு. பொக்கைவாயத் தொறந்து கெக்கெக்கேன்னு சிரிப்பான். அந்த ஊர்லயே வாயப் பொத்தாமச் சிரிக்கிற ஆளு அவன் ஒருத்தன்தான். மாதேஸ்வரிக்கு அதப் பாக்கப் பாக்க ஆசையா இருக்கும். கூடவே கவலையாவும் இருக்கும். 'இவனும் ஒரு நாளைக்கு வாயப் பொத்திக்குவானே'ன்னு. அத நெனச்சாலே அவளுக்குத் தாங்காது. ஏய், தூங்கிட்டியா? ...ம். சரி, கேளு.

ஒரு நாளு பள்ளிக்கூடத்துக்குப் பல்லு டாக்டரம்மா ஒருத்தங்க வந்தாங்க. வரிசையா நிக்க வச்சு, "ஆ காட்டு... ஆ காட்டு." மாதேஸ்வரி முறை வந்தப்போ அவ வாயத் தொறக்கவே இல்ல.

"ஏம்மா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க.

"நான் தெனமும் தேய்க்கிறேங்க. சத்தியமாங்க."

"தெரியும் கண்ணு. இது தேய்க்காததால வந்த கறை இல்ல. தண்ணியால வந்த கறை."

அவளுக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. அத்தனை நாளு வாங்குன குட்டெல்லாம் அநியாயமா வாங்குனதுதானே!

டாக்டரம்மா சொன்னாங்க, "பாறையில ஃப்ளூரைடுன்னு ஒண்ணு இருக்கு. கொழம்புக்கு உப்பு மாதிரி. அளவா இருந்தா பல்லுக்குப் பலம். அள்ளிக் கொட்டினா கெடுதல்." அப்புறம் ரெண்டு சின்ன பாட்டில்ல தண்ணி புடிச்சாங்க. ஒண்ணுல பம்புத் தண்ணி. இன்னொண்ணுல, யாரும் சீந்தாமக் கெடந்த பழைய கேணித் தண்ணி. ரெண்டுலயும் சொட்டு... சொட்டு...ன்னு ஒரே மருந்த விட்டாங்க. ரெண்டும் ரோசு கலராச்சு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தா, பளபளன்னு இருந்த பம்புத் தண்ணி மஞ்சளாப் போச்சு! மஞ்சளானா ஃப்ளூரைடு அதிகமாம். கலங்கலாக் கெடந்த கேணித் தண்ணி ரோசாவே நின்னுச்சு.

"அப்போ கேணித் தண்ணி குடிச்சா என் பல்லு வெளுத்துருமாங்க?"

"இல்லம்மா. உன் பல்லு உருவாகி முடிஞ்சிருச்சு. ஆனா உன் தம்பிக்குப் பால்பல்லு விழுந்தப்புறம் மொளைக்கப்போற பல்லு இப்பத்தான் ஈறுக்குள்ள உருவாகுது. அவனுக்கு நல்லது பண்ணலாம்."

அவ்வளவுதான். கண்ணைத் தொடச்சுக்கிட்டு டொபு டொபு டொபுன்னு தலைவர் வீட்டுக்கு ஓடினா. பின்னாடியே டாக்டரம்மா. அவங்க பின்னாடி ஊரே வந்துருச்சு.

தலைவருக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. துண்டால வாயப் பொத்திக்கிட்டே கத்தினாரு, "எங்கப்பா தோண்டின பம்பையா கொறை சொல்றீங்க? வேணும்னா காய்ச்சிக் குடிங்க!"

"ரசம் சுண்டினா உப்பு தூக்கலாகும்ல? அந்தக் கதைதாங்க. காய்ச்சினா இது இன்னும் கூடும்"னாங்க டாக்டரம்மா.

"அதெல்லாம் இல்ல. பசங்க பல்லு தேய்க்காத சோம்பேறித்தனம்!"

அப்போ மாதேஸ்வரி என்ன பண்ணினா தெரியுமா? கூட்டத்துக்கு நடுவுல போய் நின்னா. வாயப் பொத்தியிருந்த கைய எடுத்தா. ஈ...ன்னு முப்பத்தி ரெண்டு பல்லையும் காட்டினா. சரி, ஒம்போது வயசுல ஏது முப்பத்தி ரெண்டு, இருந்ததக் காட்டினா.

"நான் கரியில தேச்சேன், செங்கல்ல தேச்சேன், வேப்பங்குச்சியில தேச்சேன். நீங்க தேய்க்கிறதே இல்லீங்களா தலைவரய்யா? துண்டை எடுங்க பாப்போம்!"

தலைவர் முழிச்சாரு. மீசையத் தடவுனாரு. அப்புறம் மெதுவாத் துண்டை எறக்கி, ஈ...ன்னாரு. பாத்தா, மாதேஸ்வரிக்கு இருக்கிறதவிட ரெண்டு பங்கு பழுப்பு! அவரு பொண்டாட்டி முந்தானைய எடுத்தாங்க, ஈ. சின்னத்தாயி, ஈ. ஊரு மொத்தமும், ஈ! அம்மா இடுப்புல இருந்த முனிராஜு அதப் பாத்துட்டு கெக்கெக்கேன்னு சிரிக்க, ஊரே வாயத் தொறந்து கொல்லுன்னு சிரிச்சுச்சு.

சிரிச்சு ஓஞ்சப்புறம் தலைவர் மெதுவாச் சொன்னாரு, "எங்கப்பா நல்லதுன்னு நெனச்சுத்தான் தோண்டினாரு."

"நல்லதுக்குத்தாங்க தோண்டினாரு. அப்போ யாருக்கும் இது தெரியல"ன்னாங்க டாக்டரம்மா. சின்னத்தாயி மக தலைய, குட்டு வச்ச எடத்துலயே தடவிக்கிட்டு நின்னா. மறுநாளு கேணியத் தூர்வார மொதக் கூடையோட எறங்கினது யாருங்கிற? தலைவரேதான். சேறெல்லாம் அள்ளி, மருந்து போட்டு, திரும்பவும் சோதிச்சுப் பாத்து, குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் கேணித் தண்ணின்னு வச்சுக்கிட்டாங்க. பம்பு? துணி தொவைக்க. ம் சொல்லு... ம்.

அப்புறம் ஆறு வருசம் ஓடிப்போச்சு. முனிராஜுக்கு முன்பல்லு ஆடி ஆடி, டக்குன்னு விழுந்துச்சு. சாணியில வச்சுக் கூரைமேல வீசினாங்க. மாதேஸ்வரிக்குச் சோறு எறங்கல. தெனமும் காலையில அவன் வாயத் தொறந்து தொறந்து பாத்தா. ஒரு நாளு, நொய்யரிசி மாதிரி ஒரு முனை எட்டிப் பாத்துச்சு. நாளாக நாளாக முழுசா வந்துச்சு. வெள்ளை வெளேர்னு!

கண்ணாடிய எடுத்து அவன் கையில குடுத்தா. அவன் தன் பல்லைப் பாத்தான். அக்கா பல்லைப் பாத்தான். திரும்பத் தன் பல்லைப் பாத்தான். உதடு பிதுங்குச்சு. ஓ...ன்னு ஒரே ஒப்பாரி.

"எனக்கு மட்டும் ஏன் இப்படி வந்துச்சு? எனக்கு அக்கா மாதிரி கோடு போட்ட பல்லுதான் வேணும்!"

மாதேஸ்வரி அவனத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட, தெருவே கேக்கச் சிரிச்சா பாரு, அப்படி ஒரு சிரிப்பு!

கதையும் கரை சேந்தாச்சு, காத்தும் வந்தாச்சு. கண்ணை மூடு என் தங்கம்.