சிங்கியின் வாயோரம்

“ஏம்மா என்னை விரட்டுறீங்க?” என்று கேட்டார் சிவசைலம்.

உடன்குடிக்காரர்கள் தங்கள் ஊருக்கு ஓர் ஆசான் வேண்டும் என்று ஆசிரமத்துக்கு வந்திருந்தார்கள். ஆசிரமத்தின் குருவான அம்மா சிவசைலத்தைக் கைகாட்டிவிட்டார்.

அவர் அம்மாவைவிட வயதில் மூத்தவர். வீடு வாசலை விட்டுவிட்டு வந்தவர். அம்மா பேசுவதைக் கேட்பார். அம்மா உண்ட இலையில் மிஞ்சியதை உண்பார். அங்கே அது வழக்கம். வேறு பிழைப்பு அவருக்குத் தெரியாது.



அம்மா துறவுக்கு முன் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். முற்றத்துத் தொட்டியில் கடல்நீர் ஊற்றி ஒரு சிங்கி இறால் வளர்த்தார். பதிலுக்கு அதன் வாயோரத்து மயிர் ஒன்றைக் கத்தரித்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்.

சிவசைலம் குனிந்து பார்த்தார். குட்டிப் பைகள்போலப் பிராணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் வாயைத் திறந்தபடி.

“இறால் தின்னும்போது சிந்துறதுதான் இதுங்களுக்குச் சாப்பாடு,” என்றார் அம்மா.

சிவசைலத்துக்குக் கண் கலங்கியது. தன்னை இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டார். சமையல்கட்டுக்குப் போய்ச் சமையல்காரி பேச்சியம்மாளிடம் பெருமையாகச் சொன்னார்.

“எச்சில் தின்கிறதுக்கு இம்புட்டுப் பவுசா, அண்ணாச்சி?” என்றாள் அவள்.

ஒரு நாள் காலை, தொட்டியில் இறால் அசையாமல் கிடந்தது. சிவசைலம் பதறிப்போய் அம்மாவை அழைத்துவந்தார்.

அம்மா அதைக் கையில் எடுத்தார். வெறும் ஓடு. சட்டையை உரித்துப் போட்டுவிட்டு இறால் கல்லுக்கடியில் பதுங்கியிருந்தது.

ஓட்டின் வாயோரத்தை மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். பிராணிகள் அப்படியே இருந்தன. வாய் திறந்தபடி.

சிவசைலம் தொட்டியைக் கைகாட்டினார்.

“இதுங்களை எடுத்து இறால்மேல விட்டுருங்கம்மா.”

“ஒட்டினது ஒட்டினதுதான். வராது.”

“அப்போ எல்லாம் செத்துருமா?”

“ஓடு கழலும் முன்னாடி நீந்திப் போன குஞ்சுங்க பிழைக்கும்.”

மதியம் மணி அடித்தது. சிவசைலம் வழக்கம்போல அம்மாவின் இலையருகே போய் நின்றார்.

இலை போட்டிருந்தது. பரிமாறியிருக்கவில்லை. பலகைமேல் அம்மாவின் காவிச் சேலை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பேச்சியம்மாள் வாசலிலிருந்து வந்தாள். அம்மா ஒரு பழைய நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னாள். எந்த ஊருக்கு என்று கேட்டதற்குச் சிரித்தாராம். திரும்பி வரமாட்டாராம்.

சிவசைலத்தின் வாய் திறந்தபடி இருந்தது. நின்ற இடத்தைவிட்டு அவர் நகரவில்லை.

“உடன்குடிக்காரங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க,” என்றாள் பேச்சியம்மாள். “முதல்ல வாயை மூடுங்க, அண்ணாச்சி.”