குறை சொல்ல ஒன்றுமில்லை

“அர்த்தம் தெரிஞ்சும் ஏமாந்துட்டேன் டீச்சர்” என்றபடியே வகுப்புக்குள் வந்தாள் ரோஸ்லெட்.

நாகர்கோவில்காரி. இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்குள்ளவர்களின் பேச்சு வழக்குகளை எல்லாம் கரைத்துக் குடித்திருந்தாள். ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் சுலபமான வேலை. ‘அண்டர் தி வெதர்’ என்றால் உடம்பு சரியில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அங்கேயே ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துபவள் ஜெபக்கனி. ரோஸ்லெட்டைவிடப் பத்து வயது இளையவள். பேச்சு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறாளே தவிர, அதிகம் பேசமாட்டாள்.

நடந்தது இதுதான். வார்டில் ஒரு பெரியவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று ரோஸ்லெட் கேட்டிருக்கிறாள். ‘கான்ட் கம்ப்ளெயின்’ என்றாராம். குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே இருக்கிறேன் என்று அர்த்தம். அப்படியே எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மதியத்துக்குள் பெரியவர் மயங்கிவிட்டார். பிழைத்ததே பெரிது.

இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்த வார்டில் உனக்கு வேலை இல்லை என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார்.

“அதுக்குச் சரியான அர்த்தம் என்ன டீச்சர்?”

“நீங்க படிச்சதுதான் அக்கா.”

“அப்போ அவரு ஏன் அப்படிச் சொன்னாரு?”

ஜெபக்கனி ரோஸ்லெட்டின் போனைக் காட்டினாள்.

“ஊருக்குப் பேசுங்க. எப்படி இருக்கீங்கன்னு அம்மாட்ட கேளுங்க.”

இதென்ன கூத்து என்று எரிச்சலாக வந்தது ரோஸ்லெட்டுக்கு. வேலை போகப்போகிறது என்று வந்து நிற்கிறேன், இவள் குசலம் விசாரிக்கச் சொல்கிறாளே. ஆனாலும் டீச்சர் சொன்னால் கேட்டுத்தானே ஆகவேண்டும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

“எனக்கென்ன மக்களே, ஒரு குறையும் இல்ல. நீ சாப்பிட்டியா?” என்றாள் அம்மா. ஜெபத்துக்கு நேரமாகிறது என்று உடனே வைத்தும்விட்டாள்.

ரோஸ்லெட் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா நல்லா இருக்காங்கல்ல?” என்று கேட்டாள் ஜெபக்கனி.

“இல்ல. முட்டுவலியச் சொல்லல. பக்கத்து வீட்டுக் கோழியத் திட்டல. என்னமோ ஆயிருக்கு.”

சொல்லும்போதே அண்ணன் மனைவியின் நம்பரை அழுத்திவிட்டாள்.

மைனி முதலில் மழுப்பினாள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்திருக்கிறாள். கை வீங்கிக் கிடக்கிறது. வெளிநாட்டில் இருக்கிறவளிடம் சொல்லிப் பதறவைக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் பேசிவைத்திருந்தார்கள். நம் வீடுகளில் இது வழக்கம்தான். கடல் தாண்டிப் போனவர்களுக்கு ஊரில் எல்லோரும் எப்போதும் நலம்.

இப்போதே எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போ என்று மைனியிடம் சத்தம் போட்டாள் ரோஸ்லெட். போனை வைத்ததும் அழுதாள்.

ஜெபக்கனி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ரோஸ்லெட் குடிக்கவில்லை.

“டீச்சர்.”

“சொல்லுங்க அக்கா.”

“அதச் சொல்லும்போது அந்தப் பெரியவரு முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் குனிஞ்சு எழுதிட்டு இருந்தேன்.”